ராகம் தெரியாமல் கச்சேரி கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பாட்டுக் கற்றுக்கொண்டதில்லை. போன டிசம்பரில் அக்கா சென்னையில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனார். சுற்றியிருந்தவர்கள் தாளம் போட்டார்கள், "இது காம்போதி" என்று காதோடு பேசிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. ராகங்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிறகுதான் கேட்கப் போக வேண்டுமா? வேலை, வீடு, ஒன்பதாவது படிக்கும் பையன் என்று ஓடுகிற நாளில் இதற்கு எங்கே இடம்? இந்த வயதில் வகுப்பில் சேர்ந்தால் பயன் இருக்குமா?

பதில்: பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, தொடங்க அது போதும்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களை அதிகம் விரட்டுவது இந்த ராகம் கண்டுபிடிக்கும் கவலைதான். பாடகர் ஆலாபனையை, அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவதைத் தொடங்கியதுமே "என்ன ராகம், என்ன ராகம்" என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களின் பட்டியலை மனப்பாடம் செய்தாலும் காதுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தெருமுனையில் வருகிறவர் யாரென்று முகம் தெரியும் முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா? ராகம் பிடிபடுவதும் அப்படித்தான், பழகப் பழக வரும்.

அதனால் என் யோசனை, முதல் மாதம் முழுக்க ஒரே ராகம். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த என்று ஐந்தே சுரங்கள், மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. அது உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. 'அக்னி நட்சத்திரம்' படத்தில் வரும் 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டு மோகனம்தான். அந்தப் பாட்டின் தொடக்கச் சொல்லே பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்திலிருந்து வந்தது. வர்ணம் என்பது கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் பாட்டு வகை. முதல் வாரம் அந்த வர்ணத்தை மட்டும் கேளுங்கள். ஒருவர் வாய்ப்பாட்டாகப் பாடியது, வீணையில் ஒன்று, புல்லாங்குழலில் ஒன்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாலைந்து நாளில் அடுத்த வரி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இசையைக் கேட்பதில் பாதி சுகம் அந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது.

அப்புறம் தியாகராஜரின் 'நனு பாலிம்ப'. என்னைக் காக்க நடந்தே வந்தாயோ என்று ராமனைக் கேட்கிற கீர்த்தனை. இதில் பல்லவி என்கிற தொடக்க வரியைக் கவனியுங்கள். ஒரே வரி மறுபடி மறுபடி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஒரு இடத்தில் கூடுதலாக ஒரு வளைவு, இன்னொரு இடத்தில் மேல் சுரத்தைத் தொட்டுவிட்டு இறங்குதல். இதைத்தான் சங்கதி என்கிறார்கள். பல்லவியில் சங்கதி வளர்வதை ஒருமுறை கேட்டுவிட்டால் "ஏன் சொன்னதையே சொல்கிறார்கள்" என்று பிறகு தோன்றவே தோன்றாது.

மூன்றாவதாக, பாபநாசம் சிவனின் 'காபாலி'. தமிழ்ப் பாட்டு, சொல் புரியும். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை பாடிப் போனவர் எழுதியது. மதுரை மணி ஐயர் பாடிய பதிவு கிடைத்தால் விடாதீர்கள். கல்பனா சுரம் (பாடகர் அந்த நேரத்துக் கற்பனையில் சுரங்களைக் கோத்துப் பாடுவது) என்றால் ஏதோ கணக்கு வித்தை என்று நினைக்கிறவர்களுக்கு அவர் குரலில் அது எவ்வளவு இயல்பாக ஓடுகிறது என்று கேட்டதும் மனம் மாறிவிடும்.

மோகனம் நன்றாகக் காதில் ஊறியபின் முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' கேளுங்கள். ராகம் ஹம்ஸத்வனி. அதிலும் ஐந்தே சுரங்கள்தான். ச ரி க ப வரை அப்படியே மோகனம், 'த' என்கிற தைவதத்துக்குப் பதில் நிஷாதம், அவ்வளவுதான் மாற்றம். அந்த ஒரு சுரத்தால் முகமே மாறிவிடுகிறது. பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் "இது அது இல்லை" என்று உங்களுக்குத் தெரியும். ராக ஞானத்துக்கு முதல் படி அதுதான். இதற்கு மேல் முதல் ஆண்டில் அவசரப்பட வேண்டாம் என்பேன்.

தாளம் இன்னும் எளிது. கச்சேரியில் அதிகம் வருவது ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, இன்னொரு தட்டு ஒரு வீச்சு. பாட்டு முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்றில்லை. சில பாட்டுகள் கொஞ்சம் தள்ளி எடுக்கும், அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். முதலில் தப்பும், விட்டுவிட்டு அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். மேடையில் இருப்பவர் கையைப் பார்த்துப் போட்டாலும் தவறில்லை.

இதைச் சொல்லக் காரணம் தனி ஆவர்த்தனம். கச்சேரியின் முக்கியப் பாட்டான பிரதான உருப்படி முடியும் கட்டத்தில் மிருதங்கம், கடம், கஞ்சிரா மட்டும் வாசிக்கும் பகுதி அது. அந்த நேரத்தில் கூட்டம் கூட்டமாக எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம். கையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒவ்வொருவரும் நீளமாக வாசிப்பார்கள், பிறகு மாறி மாறி வாசிக்கும் பங்கு குறைந்துகொண்டே வரும், பிறகு சேர்ந்து வாசிப்பார்கள். கடைசியில் கோர்வை என்கிற முடிவுத் தாளக் கோப்பு மூன்று முறை வந்து, பாடகர் வரியை எடுக்கிற இடத்தில் பிசகாமல் வந்து இறங்கும். உங்கள் கையும் அதே இடத்தில் இறங்கினால் கிடைக்கிற சந்தோஷத்துக்கு இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

கச்சேரி முழுவதையும் ஒரே கவனத்தோடு கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, சிறிய கீர்த்தனைகள், நடுவில் விரிவான பிரதான உருப்படி, பின்னர் விருத்தம், பதம், திருப்புகழ், தில்லானா போன்றவை, கடைசியில் மங்களம். களைப்பாக இருந்தால் நடுவில் சற்றுச் சாய்ந்துகொண்டு, பிற்பகுதித் தமிழ்ப் பாட்டுகளுக்கு நிமிர்ந்து உட்காரலாம். டிசம்பரில் பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளம் கலைஞர்கள் பாடுவார்கள், முன்வரிசையில் இடமும் கிடைக்கும்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். சமையல், துணி மடிப்பது, பேருந்துப் பயணம், இவற்றோடு பாட்டு நன்றாக ஒத்துப்போகும், கை வேலை செய்தாலும் மனம் சும்மாதான் இருக்கிறது. அலுவலகக் கணக்கோடு ஒத்துப்போகாது. இரண்டும் கெடும். இவை தவிர, நாளில் ஒரே ஒரு பாட்டை வேறு எதுவும் செய்யாமல் கேளுங்கள். பத்து நிமிடம்தான். பையனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க வேண்டாம். வீட்டில் ஒலித்தால் அவன் காதிலும் விழும்.

இன்னொன்று, சபா மட்டுமே இந்த இசைக்கு இடம் இல்லை. அடுத்த கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய் நாதஸ்வரத்துக்கு அருகில் உட்காருங்கள். கெட்டிமேளத்துக்கு முன்னால் அவர்கள் வாசிக்கும் ஆலாபனையை மண்டபத்தில் அநேகமாக யாருமே கேட்பதில்லை. நீங்கள் கேட்பது தெரிந்தால் வாசிப்பே மாறும். பக்கத்துச் சிவன் கோயிலில் ஓதுவார் இருந்தால் தேவாரத்தை நின்று கேளுங்கள். நட்டபாடை என்கிற பண்ணில் (பழந்தமிழ் ராகம்) அமைந்த 'தோடுடைய செவியன்' இன்று கம்பீரநாட்டையாகப் பாடப்படுகிறது. கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் வாசிக்கும் மல்லாரியும் அதே ராகம்தான். திருச்சியில் இருக்கிறீர்கள், திருவையாறும் எட்டும் தூரம்தான். தியாகராஜ ஆராதனை அன்று அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையில் எல்லோரும் சேர்ந்து பாடுவதை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, வகுப்பு. சேருங்கள், ஆனால் ஆறு மாதம் கேட்டபின். அதற்குள் உங்களுக்கு எந்தக் குரல், எந்த வாத்தியம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்கிற அடிப்படைச் சுரப் பயிற்சிகளில் தொடங்குவார்கள். குழந்தைகளோடு உட்காரக் கூச்சமாக இருந்தால் பெரியவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். மேடைக்காகவோ தேர்வுக்காகவோ வரவில்லை, நன்றாகக் கேட்பதற்காகத்தான் வருகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரம் ஒரு வகுப்பு போதும், ஆனால் தினமும் காலையில் ஐந்து நிமிடமாவது சுருதி வைத்து 'ச' பிடித்துப் பாட வேண்டும்.