நான் சாதாரண ஆள். அரசு என் ஃபோனைக் கண்காணித்தால் எனக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் கேட்டிருக்கும் இந்தக் கேள்வியைச் சில வருடங்களுக்கு முன்னால் பார்த்திருந்தால், "ஒரு நஷ்டமும் இல்லை, நாம் என்ன மந்திரியா?" என்று நானே ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். ஒரு வியாழக்கிழமை காலை வந்த அழைப்புக்குப் பிறகு அப்படி எழுத முடியவில்லை.

பேசியவர் போலீஸ்காரர். "சும்மா ஒரு விசாரணைதான் சார், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிடுங்க" என்றார். அம்மா தனியாகப் போகக்கூடாது என்று சொல்லி மாமாவைத் துணைக்கு அனுப்பினார். மாமா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பெண் பார்க்கக் கிளம்புவதுபோல வந்தார்.

விஷயம் இதுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு அடகுக் கடையில் திருட்டு. அந்த நேரத்தில் அந்தப் பகுதி செல்ஃபோன் டவரில் பதிவான எல்லா எண்களையும் போலீஸ் வாங்கியிருக்கிறது. டவர் டம்ப் என்பார்கள். ஆயிரக்கணக்கில் வரும். அதில் சலித்தெடுக்க ஒரு வழி: திருடன் முன்னாடியே நோட்டம் பார்க்க வந்திருப்பான் இல்லையா, அதனால் முந்தைய வாரமும் அதே நேரம் அங்கே இருந்த எண்களைப் பொருத்திப் பார்ப்பது. என் எண் இரண்டு பட்டியலிலும் இருந்தது.

எஸ்.ஐ. மரியாதையாகத்தான் கேட்டார். "அந்த ஏரியாவுல உங்களுக்கு வீடும் இல்ல, வேலையும் இல்ல. ரெண்டு செவ்வாய்க்கிழமையும் ஏழு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் அங்கதான் இருந்திருக்கீங்க. என்ன விஷயம் தம்பி?"

மாமா என்னைப் பார்த்தார்.

அந்தத் தெருவில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக் இருக்கிறது. அப்போது நான்கு மாதமாகச் செவ்வாய்தோறும் போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆஃபீஸில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அங்கேயே சொன்னேன். மருந்துச் சீட்டைக் காட்டினேன். ரைட்டர் குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கிளம்பும்போது எஸ்.ஐ. கொஞ்சம் சங்கடத்தோடு, "விவரமான திருடன் ஃபோனை எடுத்துட்டே வரமாட்டான் தம்பி. என்ன பண்றது, மேல கேக்கிறாங்க" என்றார்.

வழி முழுக்க மாமா பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், "மாப்ளே, அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றார். நல்ல மனிதர், இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் சொல்வதா வேண்டாமா என்பது அதுவரை என் கையில் இருந்தது. அன்றைக்கு அவர் கைக்குப் போய்விட்டது. நீங்கள் கேட்ட நஷ்டம் என் விஷயத்தில் இவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, காசும் கேட்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, என் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவே இல்லை என்பது. கண்காணிப்பு என்றதும் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஆளைத்தான் நினைக்கிறோம். அதற்கு இப்போது அவசியமே இல்லை. எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவரில் இருந்து, எந்தக் கைபேசியில் என்ற விவரங்கள் போதும். போலீஸ் பாஷையில் சிடிஆர். புற்றுநோய் மருத்துவமனைக்கு மூன்று அழைப்பு, அடுத்து அக்காவுக்கு ஒரு மணி நேரம், அடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்று என்று வரிசையாகப் பார்த்தால், என்ன பேசினீர்கள் என்று யாராவது சொல்ல வேண்டுமா? இந்தப் பதிவுகளை நிறுவனங்கள் ஒரு வருடம் வைத்திருந்தால் போதும் என்று முன்பு இருந்தது. 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அதை இரண்டு வருடமாக்கியது. திருடன், போலீஸ், நீங்கள், நான், எல்லோருடைய பதிவும்தான்.

இங்கே கரக் சிங் கதையைச் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்து, நடுராத்திரியில் கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1962இல் வந்த தீர்ப்பு இரவில் வீட்டுக்கு வருவதை மட்டும் தடுத்தது; மற்றபடி கண்காணிக்கலாம், அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் தந்த உரிமை அல்ல என்றது. அந்தக் கருத்தை மாற்ற 55 வருடம் ஆனது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள்.

எனக்கு அந்தக் கதையில் தீர்ப்பைவிட அந்த ராத்திரிக் காவலர்தான் முக்கியம். ஒரு கரக் சிங்கைக் கவனிக்க ஒரு போலீஸ்காரர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஊர் எல்லை வரை நடக்க வேண்டியிருந்தது. அதனால் யாரைக் கவனிப்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஊரில் மற்ற எல்லோரும் தப்பித்தது சட்டத்தால் அல்ல, ஆள் பற்றாக்குறையால். இன்று அந்தச் செலவு இல்லை. எல்லோரையும் முதலில் பதிவு செய்துவிட்டு, சந்தேகத்தைப் பிறகு சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம். என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு டவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நான் இருந்தேன். "என்னை ஏன் கண்காணிக்கப் போகிறார்கள்?" என்ற உங்கள் கேள்வி கரக் சிங் காலத்துக்குச் சரி.

அப்புறம், அரசிடம் இருப்பது அரசிடமே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2013இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுக்கப் பார்த்த விவகாரத்தில் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவரே கைதானார். 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் பிடித்த கும்பல் இன்னும் மோசம்: தனியார் துப்பறிவாளர்கள் சிடிஆரைக் காசுக்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட சரக்கை யார் வாங்குவார்கள்? மனைவியைச் சந்தேகப்படும் கணவன், மருமகனைத் துருவும் மாமனார், பங்காளிச் சண்டைக்காரர்கள். எல்லாம் சாதாரண ஆட்கள் விவகாரம்தான்.

சரி, பேச்சையே ஒட்டுக்கேட்பதற்குக் கட்டுப்பாடு உண்டா? உண்டு, காகிதத்தில். 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தின்படி 'பொது அவசரநிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்ற காரணம் இருக்க வேண்டும் என்று இருந்தது. 2023இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் ஏறக்குறைய அதே சொற்களைத்தான் வைத்திருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்தது: உள்துறைச் செயலர் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். முன்கூட்டியே நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, கேட்பவர் அதிகாரி, கொடுப்பவர் அதிகாரி, சரிபார்ப்பவர்களும் அதிகாரிகள்.

சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்று பாருங்கள். மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் ஒன்று சொன்னது. மறுபரிசீலனைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும் என்று 2018இல், தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவே தன் அறிக்கையில் எழுதியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு நொடி தேறாது. கோயில் தரிசனத்தில்கூட அதைவிட அதிக நேரம் நிற்க விடுவார்கள்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதில் ஒரு நல்ல தீர்ப்பைக் கொடுத்தது. ஒரு லஞ்ச வழக்குக்காக 2011இல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். குற்றத்தைக் கண்டுபிடிப்பது நல்ல நோக்கம்தான், ஆனால் அதுவே பொது அவசரநிலை ஆகிவிடாது. ஒட்டுக்கேட்ட விஷயங்கள் மறுபரிசீலனைக் குழு முன் வைக்கப்படவும் இல்லை என்றார். ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் கிட்டத்தட்ட அதே சமயத்தில் வேறொரு ஊழல் வழக்கில் நேர்மாறான முடிவுக்கு வந்தது. இந்த இரண்டு வழக்கிலும் சிக்கியவர்களுக்குத் தாங்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிந்ததே வழக்கு வந்ததால்தான். வழக்கே வராத ஆளுக்கு யார் சொல்வார்கள்? யாரும் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்டால், முடிந்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1968லேயே சட்டம் எழுதினார்கள். நீதிபதி நினைத்தால் தள்ளிப்போடலாம். (அதே நாட்டில்தான் கோடிக்கணக்கான அழைப்பு விவரங்களை அரசே மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்ததை 2013இல், அந்நாட்டு உளவு அமைப்புக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஸ்னோடன் வெளியே கொண்டுவந்தார். அதனால் அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை.)

டவர் டம்ப், சிடிஆர் எல்லாம் இந்த ஒட்டுக்கேட்பு விதிகளுக்குள்கூட வராது. விசாரணைக்கு ஆவணம் கேட்கும் பொதுவான பிரிவில்தான் வாங்குகிறார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91, இப்போது புதிய சட்டத்தில் 94. ஒரு கடையின் பில் புத்தகத்தைக் கேட்பதும் அதே பிரிவுதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டதே என்பீர்கள். அதன் 17ஆம் பிரிவு, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

போலீஸ் இதையெல்லாம் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி இல்லை. கொலைகாரர்கள் சிடிஆரில் சிக்குகிறார்கள். அந்த அடகுக் கடையில் நகை வைத்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு. ஒரு நீதிபதி கையெழுத்திட வேண்டும், வேலை முடிந்ததும் எனக்கு ஒரு தகவல் வரவேண்டும், சம்பந்தமில்லாதவர்களின் பெயரை அழிக்க வேண்டும். இந்த மூன்றைக் கேட்கிறேன். அன்று ரைட்டர் என் பெயருக்கு நேரே எழுதிய வரி என்ன ஆனது என்று யாரிடம் கேட்பது?

டாக்டரிடம் இப்போதும் போகிறேன், மாதம் ஒருமுறை. கிளம்பும்போது ஃபோனை ஆஃபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். போன தடவை கையில் சில்லறை இல்லாமல், ஆட்டோக்காரரை நிற்கவைத்துவிட்டு நூறு ரூபாய் மாற்ற மூன்று கடை ஏறி இறங்கினேன். "ஜிபே இல்லையா சார்?" என்று அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.