பட்டாளத்துப் பென்ஷன்: விலை ஏறும்போது நம் தொகையும் ஏறுகிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் நாங்கள் முன்னாள் படைவீரர்கள் கொஞ்சம் பேர் கூடியிருந்தோம். அங்கே கேட்ட கேள்விகளும், அதன் பிறகு போனில் வந்தவையும் இவை. என் சர்வீஸ் 24 வருடம். அதில் கடைசி ஒன்பது வருடம் பென்ஷன் காகிதங்கள் பார்க்கும் கிளார்க் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

குலசேகரம், ஹவில்தார், 2003இல் ஓய்வு: ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே ஓய்வூதியம்) கிடைக்கிறது, டிஆரும் (அகவிலை நிவாரணம்) கிடைக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

இல்லை அண்ணே. டிஆர் விலைவாசியைப் பார்த்து ஏறுவது. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு தடவை. ஓஆர்ஓபி விலைவாசியைப் பார்ப்பதே இல்லை. உங்கள் ரேங்கில், உங்கள் சர்வீஸில் இப்போது வெளியே வருகிறவர் என்ன பேசிக் பென்ஷன் வாங்குகிறார் என்று பார்த்து உங்களையும் அந்த அளவுக்குக் கொண்டுவருவது அது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

இது இரண்டும் சேர்ந்தால்தான் நியாயம். டிஆர் மட்டும் இருந்தால் நீங்கள் 2003ஆம் வருடத்துப் பட்டாளக்காரராகவே நின்றுவிடுவீர்கள். படையில் சம்பளம் உயர்ந்த பலன் உங்களுக்கு வராது. ஓஆர்ஓபி மட்டும் இருந்தால், இடையில் ஐந்து வருடம் அரிசியும் மருந்தும் ஏறிக்கொண்டே போகும், உங்கள் தொகை அசையாது.

திங்கள்சந்தை, நாயக்: மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. 2025 ஜனவரியில் டிஆர் வெறும் 2 சதவீதம் ஏற்றினார்கள். எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

தொழிலாளர் பணியகம் மாதாமாதம் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டெண் வெளியிடுகிறது. நாடு முழுக்க 88 மையங்களின் விலை அதில் சேரும். அதன் 12 மாதச் சராசரியைப் பழைய 2001 அடிப்படைக்கு மாற்றிப் பார்த்தால், 2016 தொடக்கத்தில் இருந்த 261.42ஐ விட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ அதுதான் டிஆர். அப்படித்தான் 2025 ஜனவரியில் 53இலிருந்து 55 ஆனது, ஜூலையில் 58 ஆனது.

எனக்கு இதில் இரண்டு குறை உண்டு. சராசரி எடுப்பதால் டிஆர் எப்போதும் விலைக்குப் பின்னால்தான் ஓடும். அறிவிப்பு வருவது இன்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து. அடுத்தது, அந்தக் குறியீட்டெண்ணுக்கு விலை பார்க்கிற பொருட்களின் கூடை, ஆலைக்குப் போகும் குடும்பத்தின் கூடை. எழுபது வயதுக்காரர் வீட்டில் பிரஷர் மாத்திரையும், சர்க்கரை மாத்திரையும், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவும்தான் பெரிய செலவு. வயதானவர்களுக்கென்று தனிக் குறியீட்டெண் வேண்டும் என்று நான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கருங்கல், ஹவில்தார், 2024 டிசம்பரில் ஓய்வு: மூன்றாவது ஓஆர்ஓபியில் எனக்கு ஒன்றும் ஏறவில்லையே?

தம்பி, அது 2024 ஜூன் 30 வரை ஓய்வு பெற்றவர்களுக்கு. 2024 ஜூலை 1 முதல் அமல். நீங்கள் அதற்குப் பிறகு வந்தீர்கள். இனி உங்கள் முறை 2029 ஜூலையில்.

மனசு ஆறாத இடம் இதுதான். இடையில் உங்கள் ரேங்க், உங்கள் சர்வீஸோடு ஒருவர் உங்களைவிடக் கூடுதல் பேசிக் பென்ஷனில் வந்தால், 2029 வரை அந்த வித்தியாசம் அப்படியே நிற்கும். 2029இல் சரி செய்யும்போதும் அந்தத் தேதியிலிருந்துதான் தருவார்கள். இழந்த வருடங்களுக்கு அரியர்ஸ் கிடையாது.

2011 டிசம்பரில் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு சொன்னது வேறு. பின்னால் வருகிற உயர்வு பழைய பென்ஷன்தாரருக்கும் தானாகவே போய்ச் சேர வேண்டும் என்றது. 2015 நவம்பர் 7 உத்தரவில் 'தானாக' என்பது 'ஐந்து வருடத்துக்கு ஒரு முறை' என்று ஆகிவிட்டது. அதை எதிர்த்துப் போன வழக்கில், இது அரசின் கொள்கை முடிவு, அரசியல் சட்டப்படி குறை இல்லை என்று 2022 மார்ச் 16இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் குறை இல்லை என்பதால் நியாயத்திலும் குறை இல்லை என்று நான் ஏற்க மாட்டேன். 78 வயதுக்காரரிடம் ஐந்து வருடம் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் 2019 ஜூலையில் வர வேண்டிய இரண்டாவது திருத்தத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் 2022 டிசம்பரில்தான் வந்தது. அந்த மூன்றரை வருடத்தில் எத்தனை பேரை நாம் கல்லறைத் தோட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் கொண்டுபோனோம் என்று உங்களுக்கே தெரியும்.

அருமனை, சிப்பாய்: ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னைவிடக் கூடுதல் வருகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஓஆர்ஓபி சராசரியில் நிற்கிறது. மூன்றாவது திருத்தத்துக்கு 2023இல் ஓய்வு பெற்றவர்களின் மிகக் குறைந்த தொகையையும் மிக அதிகத் தொகையையும் எடுத்து நடுவைப் பிடித்தார்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: குறைந்தது 20,000, அதிகம் 22,000 என்றால் நடு 21,000. முன்பே ஓய்வு பெற்று 19,500 வாங்கியவர் 21,000க்கு ஏறுவார். ஏற்கெனவே 22,000 வாங்குகிறவரைக் குறைக்க மாட்டார்கள். ஆக, 'ஒரே ஓய்வூதியம்' என்ற பெயர் இருந்தும் இரண்டு தொகை.

இன்னொன்று, உங்கள் பிபிஓவில் (பென்ஷன் வழங்கும் உத்தரவில்) தப்பு. ரேங்க், சம்பள குரூப், தகுதி சர்வீஸ் (பென்ஷனுக்குக் கணக்காகும் வருடங்கள்) என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். என்னுடைய 24 வருடத்தை ஒரு அலுவலகத்தில் 22 என்று ஏற்றிவிட்டார்கள். கிளார்க்காக இருந்த எனக்கே அதைத் திருத்தப் பதினான்கு மாதம் ஆனது. தப்பு இருந்தால் ஸ்பர்ஷ் என்ற படைப் பென்ஷன் இணையதளத்தில் புகார் போடுங்கள். முடியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.

குளச்சல்: கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தத் தொகை) எடுத்தேன். டிஆரும் பாதிதானா?

இல்லை. டிஆர் முழு பேசிக்குக்குத்தான். 20,000இல் பாதியை கம்யூட் செய்தவருக்கு 58 சதவீதத்தில் 10,000 + 11,600. 15 வருடம் முடிந்ததும் அந்தப் பாதி திரும்ப வர வேண்டும். தேதியைக் குறித்து வையுங்கள்.

மார்த்தாண்டம்: எட்டாவது சம்பளக் கமிஷனில் நமக்கு எத்தனை மடங்கு?

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற எந்த எண்ணையும் நம்பாதீர்கள். நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையில் கமிஷன் அமைந்து, 2025 அக்டோபரில் 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். ஏழாவது கமிஷனில் பழைய பேசிக்கை 2.57ஆல் பெருக்கினார்கள். பெருக்கிய பிறகு டிஆர் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதனால் மடங்கை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. அப்போது கையில் இருக்கும் டிஆரைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான உயர்வு தெரியும்.

திருவட்டாறு, 79 வயது அம்மா, பேத்தி மூலம்: கணவர் நாயக்காக இருந்தவர். குடும்பப் பென்ஷன் வருகிறது. 80 ஆனால் கூடும் என்கிறார்களே?

கூடும் அம்மா. 80க்கு பேசிக்கில் 20 சதவீதம், 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதுக்கு அதே அளவு இன்னொரு மடங்கு. பேசிக் 12,000 என்றால் 2,400 கூடும், அதற்கும் டிஆர் உண்டு. கணவர் வயதை அல்ல, உங்கள் வயதைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் பழைய பிபிஓக்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. நம் ஊரில் இன்னொரு சிக்கல், ஆதாரில் ஒரு பெயர், பிபிஓவில் வீட்டுப் பெயரோடு வேறு பெயர். இரண்டையும் 80 ஆவதற்கு முன்பே சரி செய்துவிட வேண்டும். நீங்கள் பஸ் ஏறி அலைய வேண்டாம். பிபிஓ, ஆதார், பான், பாங்க் புத்தகம் நாலையும் பேத்தியிடம் கொடுத்து அனுப்புங்கள், மனுவை நானே எழுதித் தருகிறேன்.