அப்பா உட்கார்ந்த இடம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கூத்து மிருதங்கம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் நடுவில் லெட் செப்பெலின் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் பெயரை ஒரு வரியில் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டீர்கள். அதனால் எங்கள் செட்டில் பெரிய சண்டை. நாங்கள் நாலு பேர், கல்லூரி நாளிலிருந்து ராக் கேட்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டைப் பக்கம் புல்லில் உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து வாசித்த 2007 லண்டன் கச்சேரியை ஒருவன் மொபைலில் போட்டான், அங்கே ஆரம்பித்தது.

டிரம்மர் செத்தபோதே பேண்ட் முடிந்தது, பிள்ளையை உட்கார வைத்து வாசித்தால் அது காப்பி என்கிறான் ஒருவன். இன்னொருவன், பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குத் திமிர், உலகமே கேட்டும் அதற்கப்புறம் ஊர் ஊராகப் போய்ப் பாட மாட்டேன் என்றுவிட்டார் என்கிறான். மூன்றாமவன் அடிமடியிலேயே கை வைக்கிறான்: இவர்களுக்கு ஏது சொந்த ஸ்டைல், அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசையைத் திருடிச் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கச்சேரி பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்ல வரவில்லை. நீங்கள் யார் பக்கம்? அப்புறம் ஒன்று, பத்தாவது படிக்கிற என் அக்கா மகள் இவர்களைக் கேட்க வேண்டும் என்கிறாள், எதில் தொடங்கச் சொல்லட்டும்?

ஆர்.,
சத்துவாச்சாரி

அன்புள்ள ஆர்.,

மூன்றாமவரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை. இவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' வரிகளுக்காக, ப்ளூஸ் பாட்டுகள் எழுதிய வில்லி டிக்ஸன் 1985-இல் வழக்குப் போட்டார். மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய டிக்ஸனின் பாட்டு ஒன்றிலிருந்து வந்த வரிகள் அவை. 1987-இல் சமரசம் செய்துகொண்டு, பிற்பாடு வந்த பதிப்புகளில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டில் மூலப்பாட்டை எழுதிய ஜேக் ஹோம்ஸின் பெயர் இடம்பெற 2012 ஆகிவிட்டது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' மேல் வந்த வழக்கில் மட்டும் 2016-இல் ஜூரியிடமும் 2020-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். கொடுக்க வேண்டிய பெயரை முதலிலேயே கொடுத்துத் தொலைத்திருக்கலாம், காசுக்கா பஞ்சம்? இதில் அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதுதான் இடிக்கிறது. 'வென் த லெவி பிரேக்ஸ்' என்ற பாட்டை உங்கள் நண்பர் இரண்டு வடிவத்திலும் கேட்கட்டும். மூலம் 1929-இல் கேன்ஸஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் பதிவு செய்தது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது, ஒரு குரலும் கிதார்களும் மட்டும்தான், வேகமாகப் போகும். லெட் செப்பெலின் அதை 1971-இல் வந்த நான்காவது ஆல்பத்தில் வைத்தார்கள் (இதில் மின்னியின் பெயரை முதலிலேயே போட்டுவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்). ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில், மாடிப்படி ஏறுகிற கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து, மேல் மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். டிரம்ஸை ஒட்டி மைக் வைக்கிறதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் தள்ளி வைத்ததால் அடியோடு சேர்ந்து அந்த வீட்டின் சுவரும் உயரமும் பதிவாகிவிட்டன. பாட்டின் வேகம் நன்றாகக் குறைந்துவிட்டது, கிதார் டிரம்ஸுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது, வெள்ளம் என்று வாயால் சொல்வதற்கு முன்பே தண்ணீரின் கனம் வந்துவிடுகிறது. பிற்பாடு ஹிப்ஹாப்காரர்கள் லெட் செப்பெலினிடமிருந்து வெட்டியெடுத்ததும் இந்த டிரம்ஸைத்தான், 1986-இல் பீஸ்டி பாய்ஸ் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டே அதன்மேல்தான் நிற்கிறது.

ஆக அவர்களுடைய ஸ்டைல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், டிரம்மர் ஜான் பான்ஹமின் அடி விழுகிற இடத்தில் என்பேன். அவர் ஓங்கி அடிப்பவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓங்கி அடிப்பவர்கள் ஊருக்கு நூறு பேர். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்', 1969, அதில் வலது கால் ஒன்றை மட்டும் வைத்து பேஸ் டிரம்மில் அவர் போடும் மும்மூன்று அடிகளைக் கேட்டுவிட்டு, இரண்டு பேஸ் டிரம் வைத்திருக்கிறார் என்று நினைத்த டிரம்மர்கள் எத்தனையோ பேர். கால் அவ்வளவு இலேசு.

'காஷ்மீர்' இதைவிட நல்ல உதாரணம், அதில் நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கு இருக்கிறது. 1975-இல் வந்த பாட்டு, எட்டு நிமிடத்துக்கு மேல். கிதார் மூன்று மூன்றாகச் சுற்றி வருகிறது, டிரம்ஸ் நாலு நாலாக நேரே நடக்கிறது. ஒன்றுக்கொன்று விட்டுக் கொடுப்பதில்லை, பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கின்றன, மறுபடி பிரிகின்றன. திஸ்ரத்தின் மேல் சதுஸ்ரம் போட்டுப் பார்த்த தவில்காரருக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும். பான்ஹம் அதில் கைவரிசை எதுவும் காட்டுவதில்லை, அசையாமல் நடக்கிறார், அவர் அசையாததால்தான் மேலே இருப்பதெல்லாம் மிதக்கிறது. பாட்டை எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருப்பது சும்மா இல்லை. (பிளான்ட் அந்த வரிகளை எழுதியது காஷ்மீரைப் பார்த்துவிட்டு என்று நினைக்காதீர்கள், மொராக்கோவின் தெற்கே பாலைவனச் சாலையில் கார் ஓட்டிப் போனபோது வந்தவை அவை.) தந்தியும் ஊதுகருவியும் அமைத்தவர் பேஸ் கிதார் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ், அவர் பெயர்தான் அந்த வரிசையில் இல்லை. பாவம், அவருக்கு இது வழக்கமாகவே நடக்கும். 1994-இல் கிதார்காரர் ஜிம்மி பேஜும் பிளான்ட்டும் எகிப்திய, மொராக்கோ வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாட்டுகளைப் புதிதாக வாசித்தார்கள், ஜோன்ஸை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் மூவரும் ஒன்றாக நின்றபோது, ஒருவழியாக என் போன் நம்பர் ஞாபகம் வந்ததற்கு நண்பர்களுக்கு நன்றி என்றார் மனுஷன். இந்தப் பாட்டையெல்லாம் மொபைல் ஸ்பீக்கரில் போட்டால் ஜோன்ஸின் பேஸ் காதில் விழவே விழாது, அதை வைத்தா நாலு பேர் சண்டை போட்டீர்கள்?

சரி, ஒன்றுகூடலுக்கு வருகிறேன். பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார், வயது 32, குடிதான். மற்ற மூவரும் அந்த டிசம்பரிலேயே, இருந்தபடி இனித் தொடர முடியாது என்று அறிக்கை விட்டுக் கடையை மூடினார்கள். பாடகர் போன பின்பும் ஆள் மாற்றி ஓட்டும் பேண்டுகள் உண்டு, இவர்கள் டிரம்மர் போனதற்கு மூடினார்கள். தங்கள் இசை எதன்மேல் நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அது தெரிந்தும் 1985 ஜூலையில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரிக்காக ஃபிலடெல்ஃபியாவில் ஏறினார்கள் பாருங்கள், அதுதான் கூத்து. டிரம்ஸில் டோனி தாம்ஸன் ஒரு பக்கம், அதே நாள் லண்டனில் வாசித்துவிட்டு கான்கார்டு விமானத்தில் வந்திறங்கிய ஃபில் காலின்ஸ் ஒரு பக்கம். இருவருமே நல்ல டிரம்மர்கள். ஒத்திகை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, பேஜின் கிதார் சுருதி சேரவில்லை, பிளான்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது, யார் யாரைப் பார்த்து வாசிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 2004-இல் அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்களே சம்மதிக்கவில்லை. 1988-இல் நியூயார்க்கில் இன்னொரு முறை, அப்போதே பான்ஹமின் பிள்ளை ஜேசன்தான் டிரம்ஸ், அதுவும் தேறவில்லை. அப்பாவின் பெயர் கொண்ட பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் மட்டும் நடந்துவிடாது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் முதல் நண்பர் 1988 கச்சேரியைக் காட்டிப் பேசியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

2007-இல் வேறு என்ன நடந்தது? நம் பக்கத்துக் கூத்து ஜமாக்களில் மிருதங்கக்காரர் போய்விட்டால் பிள்ளையை உட்கார வைப்பது சகஜம், அதை யாரும் காப்பி என்று சொல்வதில்லை. பாரதக் கூத்து பார்க்கிற பெரியவர்கள் ராத்திரி மூன்று மணிக்கும் கண் மூடாமல் ஒன்றைத்தான் கவனிப்பார்கள்: கட்டை கட்டிய வேஷக்காரர் சுற்றி வந்து காலை ஊன்றுகிற இடத்தில் அடி விழுகிறதா இல்லையா. பையன் அப்பாவின் சொற்கட்டையெல்லாம் அட்சரம் பிசகாமல் வாசிப்பான், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு மிருதங்கத்தையே பார்த்து வாசித்தால் வேஷக்காரர் தனியாக ஆடிக்கொண்டிருப்பார், ஜமா இரண்டாகிவிடும். நிமிர்ந்து காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றால் அன்றையிலிருந்து அது அவன் இடம்.

ஜேசன் அந்த லண்டன் ராத்திரியில் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு 41 வயது, அப்பா வாழ்ந்ததைவிடக் கூடுதலாக வாழ்ந்துவிட்ட பிள்ளை. உங்கள் நண்பருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் 'ஃபார் யுவர் லைஃப்' பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். 1976 ஆல்பத்தில் இருக்கிற பாட்டு, பான்ஹம் இருந்த காலத்தில் மேடையில் ஒரு தடவைகூட முழுசாக வாசிக்கப்படவில்லை, 2007-இல்தான் முதல்முறை. அப்பா மேடையில் வாசித்ததே இல்லாத பாட்டை எந்தக் கச்சேரியைப் பார்த்துக் காப்பியடிப்பது? இழுத்து இழுத்துப் போகிற பாட்டு, நடுவில் நிறுத்தங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் அடுத்த அடியை எடுக்க முடியும், எடுக்கிறார்கள். பல பாட்டுகளில் சுருதியை இறக்கியிருந்தார்கள், 59 வயதுக் குரலுக்கு அதுதான் மரியாதை. 1973-இன் கூச்சலை பிளான்ட் திரும்பப் போட்டுக் காட்ட முயலவில்லை, கீழே நின்று பாடினார், அதனால் வரிகள் காதில் விழுந்தன. அன்றைய 'காஷ்மீர்' ரெக்கார்டில் இருப்பதைவிடக் கனமானது. எது மேல் என்று கேட்டால் ரெக்கார்டுதான் என்பேன், அதிலுள்ள வறட்சி எனக்குப் பிடிக்கும், ஆனால் லண்டனில் வாசித்தது உயிரோடிருக்கும் இசை.

இதற்கெல்லாம் காரணம் வாரக்கணக்கில் செய்த ஒத்திகை. அவர்கள் ரெக்கார்டுகளை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸைத் தொடங்கிய அகமத் எர்டிகன் நினைவாக ஒரே ஒரு ராத்திரி, டிசம்பர் 10, ஓ2 அரங்கம். நவம்பரில் நடக்க வேண்டியது, பேஜுக்கு விரலில் எலும்பு முறிந்து தள்ளிப்போனது, ஒத்திகைக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தது. டிக்கெட் 125 பவுண்டு, இருபதாயிரம் பேர் கொள்கிற இடத்துக்கு வந்த விண்ணப்பம் இரண்டு கோடி என்று கணக்குச் சொன்னார்கள்.

இப்போது திமிர் விவகாரம். அந்தக் கச்சேரிக்கு இரண்டு மாதம் முன்பு, 2007 அக்டோபரில், பிளான்ட் பாடகி அலிஸன் கிராஸோடு சேர்ந்து பாடிய 'ரெய்ஸிங் சாண்ட்' வந்திருந்தது. மென்மையான ஆல்பம், அடக்கி வாசித்தது, அதற்கு 2009-இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி. கையில் புது வேலை இருக்கிற மனிதர் பழைய வேலைக்கு வரமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் திமிரா? மற்றவர்களின் ஆசையும் எனக்குப் புரிகிறது. பேஜுக்கு அறுபத்து மூன்று வயது, இவ்வளவு ஒத்திகை பார்த்தாகிவிட்டது, இன்னும் நாலு ஊரில் வாசிக்கத்தானே தோன்றும். 2008-இல் பேஜும் ஜோன்ஸும் ஜேசனும் வேறு பாடகர்களை வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஒட்டவில்லை, 2009 தொடக்கத்தில் விட்டுவிட்டார்கள்.

பிளான்ட்டைப் புனிதராக்கவும் வேண்டாம். ஆனால் நாற்பது ஊருக்குப் போயிருந்தால் பதினைந்தாவது ஊரில் அந்த நிறுத்தங்களில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது, தலைகுனிந்த வாசிப்பு ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை பெங்களூருக்கு வந்திருந்தால்? அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் பேலஸ் மைதானத்தில் வாசித்தபோது நம் ஊரிலிருந்து பையன்கள் ரயிலேறிப் போனது போல நானும் காட்பாடியில் முதல் ஆளாக நின்றிருப்பேன், அது வேறு கதை. ரசிகனின் ஆசைக்கும் பாடகரின் கடமைக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் அக்கா மகளுக்கு: 1970-இல் வந்த மூன்றாவது ஆல்பம். வேல்ஸில் கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத ஒரு சின்ன வீட்டில் பேஜும் பிளான்ட்டும் தங்கியிருந்த நாட்களில் பிறந்த பாட்டுகள் அதில் இருக்கின்றன, பாதிக்கு மேல் சத்தமில்லாத கிதார். சத்தத்துக்குக் காத்திருந்த அன்றைய விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. அதிலுள்ள 'ஃபிரண்ட்ஸ்' பாட்டைக் கேட்டபின், அதையே பேஜும் பிளான்ட்டும் 1972-இல் பம்பாய் வாத்தியக்காரர்களோடு பதிவு செய்த வடிவத்தையும் தேடித் தாருங்கள், 2015-இல் வெளியிட்டார்கள், கிடைக்கும். கூடவே 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டின் பம்பாய் வடிவமும் இருக்கும். பான்ஹம் கைக்கு இரண்டாக நாலு குச்சி பிடித்து வாசித்ததால் வந்த பெயர் அது, பம்பாய்ப் பதிவில் அந்த வேலையைத் தபலா செய்கிறது. பதினைந்து வயசுக்கு இது பிடிக்காமல் போகாது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' மட்டும் இப்போது வேண்டாம், பக்கத்து வீட்டில் யாராவது கிதார் வாங்கினால் தானாகக் காதில் விழும்.