நாய்க்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி: டாக்டர், எங்கள் லேப்ரடார் டாமிக்கு நான்கு வயது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, அங்கே முடி செம்பட்டையாகிவிட்டது. காதில் கறுப்பாக மெழுகு மாதிரி வருகிறது, பக்கத்தில் போனாலே புளித்த மாவு வாடை. ஈஸ்ட் தொற்று என்று டாக்டர் சொல்லி மருந்து கொடுத்தார், நின்றது, திரும்ப வந்துவிட்டது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சோற்றை நிறுத்தித் தயிர் மட்டும் கொடு என்கிறார் மாமியார். இயற்கையாகவே சரிசெய்ய வழி உண்டா?
- வாசகி, கடலூர்

பதில்: அம்மா, முதலில் அந்தக் கற்பூர எண்ணெயைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். தடவியதை நாய் நக்காமல் விடாது, கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான், இயற்கையானது என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் நாய்க்கு நடுக்கம், தள்ளாட்டம் எல்லாம் வரும். பூண்டு அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம், அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

சரி, கற்பூரம் சேர்க்காமல் வெறும் தேங்காய் எண்ணெய்? அதுவும் வேண்டாம் என்பேன். மலசீசியா என்ற இந்த ஈஸ்ட் எல்லா நாய்களின் தோலிலும் காதிலும் கொஞ்சம் இருக்கும், தோலின் எண்ணெய்ப் பசைதான் அதற்குத் தீனி. ஈரமும் பிசுக்கும் கூடும்போது அது பெருகுகிறது. ஏற்கெனவே பிசுபிசுத்துக் கிடக்கிற தோலில் நாமும் எண்ணெயை ஊற்றினால் எப்படிச் சரியாகும்?

வீட்டு வைத்தியத்தில் நான் நம்பிச் சொல்வது வினிகர். கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம் இருக்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும், அந்த அளவு ஈஸ்ட்டைக் கட்டுப்படுத்தப் போதும், தோலையும் அவ்வளவாக எரிக்காது. துணியில் நனைத்துப் பாதம், விரல் இடுக்கு, அக்குள், கவட்டி எல்லாம் துடைத்துவிட்டு, அப்புறம் காய்ந்த துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். தோல் கிழிந்தோ புண்ணாகியோ இருந்தால் தொடவே கூடாது, உயிர் போகிற எரிச்சலாக இருக்கும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம்.

ஆனால் வினிகரைவிடப் பெரிய வைத்தியம் துண்டுதான். டாமி ஒவ்வொரு முறை வெளியே போய்வந்ததும் விரல் இடுக்குகளை விரித்துத் துடையுங்கள். உங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் தரையே காயாது, லேப்ரடாருக்கோ மடிந்த காது, அடர்ந்த உள்முடி, அப்படியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிப்பாட்டினால் ஃபேன் காற்றில் அடிமுடி வரை காயவிடுங்கள்.

காதுக்குள் மட்டும் வினிகரோ வேப்பெண்ணெயோ எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நமக்கு வெளியே தெரியாது, உள்ளே போகிற மருந்து கேட்கும் திறனையே கெடுத்துவிடலாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறான், நடக்கும்போது தடுமாறுகிறான் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம், அழுக்கு உள்ளேதான் போகும்.

மாமியார் சொன்ன தயிரைக் கொஞ்சம் கொடுத்தால் பாதகமில்லை, தோலில் இருக்கிற ஈஸ்ட்டை அது போக்காது. சோற்று மாவுச்சத்தைத் தின்றுதான் ஈஸ்ட் வளர்கிறது என்பதற்கும் ஆதாரமில்லை.

திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். ஈஸ்ட் பெரும்பாலும் தானாக வருவதில்லை, ஒவ்வாமையின் முதுகில் ஏறித்தான் வருகிறது. தெள்ளுப்பூச்சிக் கடி, சாப்பிடுகிற கோழியோ மாட்டிறைச்சியோ, வீட்டுத் தூசி, சில நாய்களுக்குத் தைராய்டு குறைவு, இதில் எது என்று பிடிக்காமல் நாம் துடைத்துக்கொண்டே இருக்கலாம், அரிப்பு நிற்காது. மருத்துவரிடம் தோலில் டேப் ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், ஈஸ்ட் நிலக்கடலை வடிவில் தெரியும், சில நிமிட வேலைதான். ஈஸ்ட் அதிகமாக இருந்தால் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு எழுதிக் கொடுப்பார். வாரம் இரண்டு முறை, நுரையோடு 10 நிமிடம் முழுசாக ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பாதிப் பேர் 2 நிமிடத்திலேயே கழுவிவிட்டு ஷாம்பு சரியில்லை என்கிறார்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்கு இந்த ஈஸ்ட் தொற்று. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆரோக்கியமான குழந்தைக்கு ஒட்டுவது மிக மிக அரிது, நாயைத் தொட்ட கையைக் கழுவினால் போதும். ஆனால் நாய்க்கு வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், அது மனிதருக்கு நன்றாகவே ஒட்டும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குழந்தையின் பாய் பக்கம் நாயை விடாதீர்கள்.