அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் பொறியியல் படிக்கிறேன். செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் நாலு வருஷத்தில் பட்டம் வாங்க முடியுமா?

முடியாது. பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் கேட்பார்கள். பொறியியலில் சில இடங்களில் அதற்கும் மேலே. எட்டு செமஸ்டருக்கு 12 வீதம் போட்டால் 96தான் வரும். மீதி 24க்கு இன்னும் இரண்டு செமஸ்டர். 12 என்பது விசாவுக்கான கீழ்வரம்பு, அவ்வளவுதான். நாலு வருஷக் கணக்குக்கு 15 வேண்டும்.

15 எடுத்தவர் நடுவில் ஒரு 3 கிரெடிட் பாடத்தை டிராப் செய்தாலும் 12இல் நிற்பார். 12 மட்டும் எடுத்தவர் 9க்கு இறங்கிவிடுவார். டிஎஸ்ஓவிடம் (வெளிநாட்டு மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) அனுமதி வாங்காமல் அப்படி இறங்கினால் விசா நிலையே போய்விடும். அந்த 12இலும் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், அதிகபட்சம் 3 கிரெடிட்தான் கணக்கில் சேரும். பல பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 வரை ஒரே கட்டணம். உங்கள் இடத்தில் அப்படி என்றால், 12 எடுப்பது காசைக் கொடுத்துவிட்டுப் பாடத்தை விட்டுவருகிற மாதிரி.

இருந்தாலும் காலத்தை இழுப்பது பெரும்பாலும் கிரெடிட் எண்ணிக்கை அல்ல, பாடங்களின் வரிசை. மெக்கானிக்கலில் வழக்கமான வரிசை இது: கால்குலஸ் 1, இயற்பியல் 1, ஸ்டாட்டிக்ஸ், மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெஷின் டிசைன், கடைசி வருஷம் சீனியர் டிசைன் (இறுதியாண்டு புராஜெக்ட், இரண்டு செமஸ்டர்). ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர விடுவார்கள். நுழைவுக் கணிதத் தேர்வில் கால்குலஸுக்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸில் போட்டுவிட்டால் வரிசை முழுக்க ஒரு செமஸ்டர் தள்ளும். சீனியர் டிசைன் ஃபால் செமஸ்டரில் (ஆகஸ்டு வாக்கில் தொடங்குவது) மட்டும் தொடங்குகிற துறையாக இருந்தால் அந்த ஒரு செமஸ்டர் ஒரு வருஷமாகிவிடும். முதல் கோடையிலேயே அடுத்த பாடமான இயற்பியல் 1ஐ முடித்துவிட்டால் இதைச் சரிக்கட்டலாம். மூன்றாம் வருஷத்தில் முழித்துக்கொண்டால் கஷ்டம். அதனால் அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள்: எட்டாம் செமஸ்டரில் சீனியர் டிசைன் 2, ஏழில் அதன் முதல் பாதி, அதற்கு முன் என்ன வேண்டும் என்று இறங்கி வாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஃபாலா, ஸ்பிரிங்கா என்று எழுதுங்கள்.

டி கிரேடு ஒரு பொறி. கிரெடிட் வந்துவிடும், ஆனால் அடுத்த பாடத்துக்குப் போகப் பல துறைகள் சி கேட்கும். திரும்ப எடுத்தால் அதே கிரெடிட் இரண்டாவது தடவை எண்ணப்படாது, அட்டவணையில் ஒரு இடம் மட்டும் போகும்.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ உள்ளூர்க் கல்லூரி) எடுப்பதாக இருந்தால், எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்பார்கள் என்று அட்வைசரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் அது பொது விருப்பப்பாடமாக வந்து உட்காரும்: 120இல் சேரும், மேஜரில் (உங்கள் முதன்மைத் துறைப் பாடங்களில்) சேராது. டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பல்கலைக்கழக அறிக்கை) மேல்வரியில் இருக்கும் மொத்தத்தை விட, கீழே இன்னும் நிறைவேறாதவை என்று காட்டும் வரிகளைப் பாருங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால்.

கடைசி செமஸ்டரில் 6 கிரெடிட்தான் பாக்கி என்றால் 12 எடுக்கத் தேவையில்லை, டிஎஸ்ஓ குறைத்துத் தருவார். அனுமதியை வாங்கிய பிறகே குறையுங்கள். ஒரே ஒரு பாடம்தான் மிச்சம் என்றால் அதை முழு ஆன்லைனில் எடுக்க முடியாது. நாலு வருஷம் தாண்டும் என்று தெரிந்தால் ஐ-20 (கல்லூரி தரும் விசாப் படிவம், படிப்பு முடியும் தேதி அதில் இருக்கும்) முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். மதிப்பெண் குறைந்து புரொபேஷனில் (கல்லூரியின் எச்சரிக்கை நிலையில்) இருந்ததை அதற்குக் காரணமாக ஏற்க மாட்டார்கள்.