சின்ன கார் விக்கிற மாருதிக்கு சொகுசு செடான் எதுக்கு, கீழக்கரைல மாருதியோட பழைய சியாஸ் செடான் வாங்கலாமா?

தம்பி, மாருதி இதுல ஒரு தடவ சூடு பட்டுருக்கு. 2011ல கிசாஷின்னு 2.4 லிட்டர் பெட்ரோல் வண்டிய முழுசா இறக்குமதி பண்ணி 16 லட்சத்துக்கு மேல வச்சாங்க, வண்டி அருமை, ஆனா அந்த காசுக்கு சனங்க வேற பெரிய கம்பெனி பேர தான் பாத்தாங்க.

2014ல சியாஸ் வந்தப்ப கணக்கே மாறிடுச்சு, 7 லட்சத்துக்கு ஒட்டி ஆரம்ப விலை, மாருதியோட எர்டிகா வண்டில இருந்த அதே 1.4 பெட்ரோல், 1.3 டீசல் இஞ்சின், அதனால ராம்நாட்லயே பார்ட்ஸ் கிடைக்கும், மெக்கானிக்கும் பயப்பட மாட்டார். 2015ல உசந்த வண்டிகளுக்குன்னு நெக்ஸாங்கிற தனி ஷோரூம் தொறந்து, 2017ல சியாஸயும் அங்க மாத்துனாங்க, ஆல்ட்டோ பக்கத்துல நிறுத்தி சொகுசுன்னு சொன்னா எடுபடாதுல்ல.

டிக்கி 510 லிட்டர். துபாய்ல இருந்து வந்த மச்சானோட ரெண்டு பெரிய பெட்டியும் ஒரு அட்டைப்பெட்டியும் மதுரை ஏர்போர்ட்ல அப்படியே உள்ள போச்சு, பின்சீட்ல மாமி கால நீட்டிக்கிட்டு வந்தாங்க.

வாங்கலாம், ஆனா நம்ம உப்புக்காத்துக்கு கதவோட அடி விளிம்பையும் சக்கர வளைவு உள்பக்கத்தையும் விரலால தடவிப் பாரு, பெயிண்ட் கொப்புளிச்சிருந்தா விட்டுரு.