குண்டாஸில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுவை வாபஸ் வாங்கலாமா?

கேள்வி: குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர், தன்னை விடச் சொல்லி வீட்டார் ஹைகோர்ட்டில் போட்ட ஆட்கொணர்வு மனுவை வேண்டாம் என்று வாபஸ் வாங்கச் சொல்லலாமா? பிறகு மறுபடி போட முடியுமா?

சொல்லலாம். மறுபடி போடவும் வழி உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோகாமல் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டு ஆள் திடீரென்று "விட்டுடு" என்று சொல்லியிருப்பார், உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். எனக்கும் போயிருந்தது.

நான் வக்கீல் இல்லை. தம்பிக்காக மனுதாரராகக் கையெழுத்துப் போட்ட அக்கா, அவ்வளவுதான். அவன் யோக்கியன் என்றும் சொல்ல வரவில்லை. அடிதடி வழக்கு இருந்தது, அதில் அவன் கையும் இருந்தது. 'தப்பு செய்யாமலா பிடிப்பார்கள்' என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: அந்த வழக்குக்கு விசாரணை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. குண்டாஸ் வேறு. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டப்படி, விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். இடையில், உள்ளே வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம் முன்னால் கொண்டுபோவார்கள். அங்கே வக்கீல் வைத்து வாதாட அவனுக்கு உரிமை கிடையாது.

ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கும் மனு என்றுதான் பெயர். பத்தாவது மாதம் அப்படி ஒரு மனுவில்தான் ஆட்கொணர்வு மனு (எச்.சி.பி. என்பார்கள்) பற்றிய பேச்சு வந்தது. வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் கத்துகிறார்கள். பாதி அவன் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்தது.

"அக்கா, எச்.சி.பி.யை வாபஸ் வாங்கிடு. இன்னும் ரெண்டு மாசம்தான். குண்டாஸ் உடைஞ்சாலும் மெயின் கேஸ்ல பெயில் எடுத்தாத்தானே வெளிய விடுவாங்க? வக்கீலுக்குக் குடுக்கிற காசை அதுக்கு வை."

யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். சிரித்தான். கணக்கு அவன் சொன்னதுதான் சரி. குண்டாஸ் உத்தரவு ரத்தானாலும், வேறு வழக்கில் ரிமாண்டில் இருந்தால் கதவு திறக்காது. எனக்குத்தான் மனசு வரவில்லை. காரணம் 147-ஆம் பக்கம்.

உத்தரவோடு ஒரு புக்லெட் கொடுப்பார்கள், உங்களிடமும் இருக்கும். 'இதேபோன்ற வேறொரு வழக்கில் பெயில் கொடுத்திருக்கிறார்கள், இவனுக்கும் கிடைத்துவிடும், வெளியே வந்தால் பொது ஒழுங்கு கெடும்' என்று எழுதி, அந்த பெயில் ஆர்டரின் நகலை 147-ஆம் பக்கமாக வைத்திருந்தார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, பக்கம் முழுக்கக் கரி. ஓரத்தில் பாதி முத்திரை மட்டும் தெரியும். வாசிக்க முடியாத நகலைக் கொடுத்தால் ஆட்சேபம் எழுதும் உரிமையே பறிபோகிறது, அரசியலமைப்பின் 22(5) அதைத்தான் சொல்கிறது, இந்த ஒரு பக்கமே போதும் என்றார் வக்கீல். நம் கேஸ் வருவதற்குள்தான் பத்து மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் அவன் சொன்னபடியே செய்தேன். கேஸ் கட்டில் வக்கீல் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் ஒரு பக்கம்கூட இல்லை. வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி.

நீங்கள் செய்ய வேண்டியது: வாபஸ் அவருடைய விருப்பம்தான் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கி வையுங்கள். புதிதாக மனு போட அனுமதியோடு வாபஸ் என்று ஆர்டரில் வரும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். மற்ற ரிட் மனுக்களை அந்த அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்கினால் அதே விஷயத்துக்கு மறுபடி ஹைகோர்ட் போக முடியாது என்று 1986-ல் சுப்ரீம் கோர்ட் சர்குஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில் சொன்னது. ஆட்கொணர்வு மனுவின் நிலை வேறு என்று அதே தீர்ப்பில் ஒதுக்கியும் வைத்தது. இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது ஒன்றுதான். அந்த உத்தரவு சரியா தப்பா என்று யாரும் சொல்லவே இல்லை. உடைந்திருந்தால் ஒரு தாளையாவது நாலு பேரிடம் காட்டியிருப்பேன். அந்த வருடம் பெரியப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' இடத்தில் எங்கள் வீட்டில் எல்லார் பெயரும் இருந்தது, ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. தம்பி பெயர் மட்டும் இல்லை. கேட்டால் பிரஸ்காரர் விட்டுவிட்டாராம். புரூஃப் பார்த்தது பெரியப்பா. மொய் மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். சரி, அதை விடுங்கள்.

சுலபமாக பெயில் கிடைத்துவிடும் என்று எழுதித்தானே குண்டாஸ் போட்டார்கள்? மூன்று முறை மனு போட்டுத்தான் கிடைத்தது. குண்டாஸ் முடிந்து இருபத்தாறு நாள் கழித்துத்தான் வெளியே வந்தான்.

புக்லெட் பீரோ மேல் கிடக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். தம்பி 147-ஐப் பிரித்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, "இதுல யாருக்குக்கா பெயில் குடுத்திருக்காங்க?" என்றான். நானும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.